சுட்ட மரமெல்லாம் பட்ட மரமல்ல: தீயும் வறட்சியும் தாக்கிய நிலத்தில் காடு மீள ஒரு முழு வழிகாட்டி

2020 ஜனவரியில் எங்கள் நிலத்துக்கு வந்த புல்டோசர்காரர் கையில் ஆரஞ்சு நிற ஸ்ப்ரே டப்பா இருந்தது. கறுத்து நின்ற மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘இது போச்சு, இதுவும் போச்சு’ என்று சொல்லிக்கொண்டே தண்டில் பெருக்கல் குறி போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. விலை பேசினோம், தேதியும் குறித்தோம். அவர் வண்டி பழுதாகி வேலை தள்ளிப்போனது. அதற்குள் பிப்ரவரி மழை வந்தது. அந்த மரங்கள் பிழைத்தது ஒரு ஹைட்ராலிக் குழாய் வெடித்த புண்ணியத்தில்.

நிலம் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், பிரெய்ட்வுட் ஊருக்குக் கிழக்கே, மலைச்சரிவு கடலை நோக்கி இறங்கத் தொடங்கும் விளிம்பில் இருக்கிறது. 2019 நவம்பர் 26 அன்று மின்னலில் பற்றிய கரோவன் தீ 74 நாள் எரிந்து, ஏறத்தாழ 5 லட்சம் ஹெக்டேரை விழுங்கி, 2020 பிப்ரவரி 8 அன்றுதான் அணைந்தது. டிசம்பரில் ஒரு மதியம் அது எங்கள் வேலியைத் தாண்டியது.

தீ என்றால் எல்லாருக்கும் கண்ணில் படுவது தீதான். இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது அதற்கு முன்னால் வந்ததைப் பற்றி. 2017இல் தொடங்கிய வறட்சி 2019இல் உச்சத்துக்குப் போனது. அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் மிக வறண்ட ஆண்டும் மிக வெப்பமான ஆண்டும் அதுதான். நாடு முழுவதற்குமான சராசரி மழை 280 மில்லிமீட்டரைக்கூடத் தொடவில்லை. தீ வருவதற்கு முன்பே எங்கள் பாறை முகட்டில் இலைகள் பழுப்பாகிக் கருகித் தொங்கின. இந்தக் காட்டுக்குத் தீ பழக்கம். பட்டினி கிடந்த உடம்போடு தீயைத் தாங்குவது வேறு கதை. அதனால் உங்கள் நிலத்தைப் பார்க்கும்போது ‘எவ்வளவு எரிந்தது?’ என்பதோடு ‘எரிவதற்கு முன் எவ்வளவு காய்ந்திருந்தது?’ என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான பதில்தான் பல வேலைகளைத் தீர்மானிக்கும்.

ஐந்து ஏக்கரிலிருந்து நூறு ஏக்கர் வரை புஷ் நிலம் (இயற்கையான காட்டு நிலத்தை இங்கே புஷ் என்பார்கள்) வைத்திருக்கும் தென்கிழக்கு ஆஸ்திரேலியக்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். யூகலிப்டஸ் காடு உள்ள இடம். மழைக்காட்டுக்கும் உள்நாட்டு வறண்ட நிலத்துக்கும் இது அப்படியே பொருந்தாது.

முதல் வேலை: உயிரோடு உள்ளே போய் உயிரோடு திரும்புவது

எரிந்த காட்டில் காற்றடிக்கும் நாளில் நுழையாதீர்கள். அடித்தண்டு உள்ளே குடைந்து எரிந்திருக்கும், வெளியே கம்பீரமாக நிற்கும், சத்தமில்லாமல் சாயும். தரைக்கடியில் வேர்கள் வாரக்கணக்கில் கனன்று, மேலே சாம்பல் மூடிய குழியாக இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை நெருப்பு. நீளமான கம்பு ஒன்றால் தட்டித் தட்டி நடங்கள்.

பச்சை நிறம் ஏறிய பழைய வேலிக்கால்கள் எரிந்திருந்தால் அந்தச் சாம்பலைத் தொடாதீர்கள். செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்த மரம் அது. மாடுகள் அந்தச் சாம்பலை உப்பென்று நினைத்து நக்கும், செத்துப்போகும். பழைய கொட்டகை எரிந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள், நீங்களே கிளறாதீர்கள். கூரையிலிருந்து மழைநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயை முதல் மழைக்கு முன்பே கழற்றிவிடுங்கள். ஒரு நல்ல மழை கூரையைக் கழுவிய பிறகு மாட்டினால் போதும்.

அன்றே இன்னொன்றும் செய்யுங்கள். நிலத்தில் நான்கைந்து இடங்களில், பள்ளத்தில் ஒன்று, சரிவில் இரண்டு, முகட்டில் ஒன்று என்று, ஸ்டார் பிக்கெட் இரும்புக்கம்பிகளை அடித்து, அதன் தலையில் கேமராவை வைத்து ஒரே திசையில் படம் எடுங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடம், அதே திசை. முதல் ஆண்டு இது வீண் வேலையாகத் தோன்றும். ஐந்தாம் ஆண்டில் உங்கள் ஞாபகம் எவ்வளவு பொய் சொல்கிறது என்பது தெரியும்.

மழை வருவதற்குள் மண்ணைப் பிடித்துவையுங்கள்

மழைக்காக மூன்று வருடம் ஏங்கியவர்கள் மழையைப் பார்த்துப் பயப்படும் நேரம் இது. இலைகளின் மெழுகும் எண்ணெயும் எரிந்து மண்ணுக்குள் படிந்திருக்கும். அந்த மண்ணில் தண்ணீர் தாமரை இலைமேல் போல உருண்டோடும். 2020 பிப்ரவரியில் சிட்னியில் நான்கே நாளில் 390 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் பக்கமும் நல்ல மழை. தீயை அணைத்த அதே மழை, சரிவில் கையளவு ஆழத்துக்கு மண்ணை அள்ளிக்கொண்டு குட்டையில் போட்டது.

செய்ய வேண்டியது எளிது, முதுகுதான் வலிக்கும். விழுந்து கிடக்கும் கட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே, சம உயரத்தில், மண்ணோடு ஒட்டிப் படுக்க வையுங்கள். அடியில் இடைவெளி இருந்தால் தண்ணீர் அதற்குள் புகுந்து முன்பைவிட மோசமாக அரிக்கும். ஒரு விரல் ஆழம் மண்ணைக் கீறி அதில் உட்கார வைக்க வேண்டும். ஓடை முகப்பிலும் குட்டைக்கு மேலேயும் தென்னை நார் உருளைகளைப் போடலாம். இங்கே கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இலங்கையிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வருபவைதான். கோணிக்கயிற்று வாசனையோடு அதைப் பிரித்தபோது, எரிந்த காட்டின் நடுவில் நின்று கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

வைக்கோல் கட்டுகளை வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். வைக்கோலோடு வரும் விதைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சாம்பலை வாரவும் வேண்டாம்; அதுதான் முளைக்கப்போகும் விதைக்கு முதல் உரம். வண்டியை ஒரே தடத்தில் ஓட்டுங்கள்.

மரத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுநாயகம். நான் இரண்டு வருடம் தடுமாறிக் கற்றுக்கொண்டது. தமிழில் ‘பட்ட மரம்’ என்ற சொல் இருப்பது எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. சுட்ட மரம் வேறு, பட்ட மரம் வேறு.

யூகலிப்டஸ் (ஊட்டிக்காரர்களுக்குக் கற்பூர மரம்) தீக்குப் பிறகு மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

முதல் வகையில் தண்டு முழுக்கத் துளிர் வரும். மற்ற பெரும்பாலான மரங்களில் மொட்டு பட்டையின் வெளிப்பக்கமாக இருக்கும். தீ அதைத்தான் முதலில் கொல்லும். யூகலிப்டஸில் மொட்டாக மாறக்கூடிய உயிரணுக்கள் பட்டைக்கு அடியில், வளர்படலத்தை ஒட்டி, ஆழமாகப் பதுங்கியிருக்கின்றன. மேலே இலை இல்லை என்று தெரிந்ததும் அவை விழித்துக்கொள்ளும். கறுத்த தண்டில் பச்சை ரோமம் முளைத்தாற்போல, பார்க்கவே விநோதமாக இருக்கும். சில வாரங்களிலும் வரலாம், ஆறு மாதமும் ஆகலாம்.

இரண்டாவது வகை அடியிலிருந்து எழும். மண்மட்டத்தில் லிக்னோட்யூபர் என்ற மரக்கிழங்கு ஒன்று சேமிப்போடு உட்கார்ந்திருக்கும். மேலே இருந்த தண்டு செத்துவிட்டது, ஆனால் மரம் சாகவில்லை. மலைமேல் வளரும் ஸ்னோ கம் மரங்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்றாவது வகை செத்தே போகும். விதையால் மட்டும் பிழைக்கும். மவுண்டன் ஆஷும் ஆல்பைன் ஆஷும் இந்த ரகம். கடும் தீயில் தாய் மரம் போய்விடும், சாம்பலில் ஆயிரக்கணக்கில் கன்றுகள் எழும். ஆனால் அந்தக் கன்று போதுமான விதை பிடிக்க 20 ஆண்டு அளவுக்கு ஆகும். அதற்குள் இன்னொரு தீ வந்தால் விதையும் இல்லை, மரமும் இல்லை. விக்டோரியாவில் அடுத்தடுத்து எரிந்த மலைகளில் ஹெலிகாப்டரிலிருந்து ஆல்பைன் ஆஷ் விதை தூவியது இதனால்தான்.

உங்கள் நிலத்தில் எந்த மரம் எந்த வகை என்று தெரிந்துகொள்வது பாதி வேலை. மீதிப் பாதியில்தான் வறட்சி வருகிறது. துளிர்விடுவது மரத்துக்கு இலவசமல்ல. தண்டிலும் கிழங்கிலும் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துச் செலவழித்துத்தான் முதல் இலையை விடுகிறது. வறட்சியில் மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். மூடினால் சமையல் நின்றுவிடும், சேமிப்பில் கைவைக்க வேண்டும். இன்னும் கடுமையானால் நீர்க்குழாய்களுக்குள் காற்றுக்குமிழி புகுந்து அடைத்துவிடும். அப்படிப்பட்ட மரத்தை லேசான தீ தொட்டாலும் எழ முடியாது. எங்கள் நிலத்தில் இதை நேரிலேயே பார்த்தேன்: ஓடையோரம் தீ உச்சிவரை போய்க் கொப்பளித்த இடம், அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மரங்கள் போயின. மண் ஒரு சாண்கூட இல்லாத பாறை முகட்டில் தீ தரையோடு ஊர்ந்து போயிருந்தது, ஆனால் பாதிக்கு மேல் எழவே இல்லை. தீயின் வரைபடத்தை மட்டும் பார்த்திருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

சோதிக்கும் முறை இதுதான். கூரான சிறு கத்தியால் அடித்தண்டில், கட்டைவிரல் நகம் அளவுக்கு மட்டும், பட்டையைத் தாண்டி மரம் வரை கீறிப் பாருங்கள். ஈரமாக, வெளிர்பச்சையோ பால்வெள்ளையோ தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, காய்ந்து, புளித்த வாடை அடித்தால் அந்தப் பக்கம் செத்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தீ ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டு மறுபக்கத்தை விட்டிருக்கும். தண்டில் முட்டை வடிவத் துளைகளும் மரத்தூளும் தெரிந்தால் துளைப்பான் வண்டு புகுந்திருக்கிறது. தாகத்தில் தளர்ந்த மரத்தைத்தான் அது தேடி வரும்.

பிறகு கணக்கெடுப்பு. பள்ளத்தில் ஒரு கோடு, சரிவில் ஒரு கோடு, முகட்டில் ஒரு கோடு நடங்கள். ஒவ்வொரு கோட்டிலும் வழியில் வரும் ஐம்பது மரங்களை எண்ணுங்கள்: தண்டில் துளிர், அடியில் துளிர், ஒன்றுமில்லை. நோட்டுப்புத்தகத்தில் மூன்று கட்டம் போதும். அடுத்த வசந்தத்தில் அதே ஐம்பதை மறுபடி எண்ணுங்கள். துளிர்த்த மரம் மறுபடி வாடுவதும் உண்டு, ஒன்றுமில்லாதது ஒன்றரை வருடம் கழித்து அடியில் எழுவதும் உண்டு. அதனால்தான் எங்கள் லேண்ட்கேர் என்ற நிலப் பராமரிப்புக் குழுவில் சொல்வார்கள்: வீட்டின்மேலோ பாதையின்மேலோ சாயும் மரம் தவிர எதையும் இரண்டு வசந்தம் போகும்வரை வெட்டாதே. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பது மரம் வெட்டுகிறவர்களுக்காகவே சொன்னதோ என்னவோ.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் உங்கள் வட்டார லோக்கல் லேண்ட் சர்வீசஸ் அலுவலகத்தைக் கேளுங்கள். எரிந்திருந்தாலும் நாட்டு மரம் நாட்டு மரம்தான். அதை வெட்ட விதி உண்டு.

முதலில் முளைப்பவற்றைப் பார்த்துப் பதறாதீர்கள்

முதல் ஆறு மாதத்தில் நிலம் அலங்கோலமாக இருக்கும். முழங்கால் உயரத்துக்கு பிராக்கன் பெரணி, இடைவெளியே இல்லாமல் வாட்டில் கன்றுகள். ‘காடு கெட்டுவிட்டது’ என்று எல்லாரும் சொல்லும் கட்டம் இது.

வாட்டில் என்றால் நீலகிரியில் சீகை என்று சொல்வார்களே, அதே குடும்பம்தான். அங்கே அது அந்நியன், புல்வெளியைத் தின்ற களை. இங்கே வீட்டுப் பிள்ளை. அதன் விதைக்குக் கல் போன்ற தோல். மண்ணுக்குள் பத்தாண்டுக்கணக்கில் தூங்கும். தீயின் சூடு அந்தத் தோலில் விரிசல் விட்டால்தான் தண்ணீர் உள்ளே போகும். முளைத்ததும் காற்றின் நைட்ரஜனை மண்ணில் கட்டும், அடியில் நிழல் தரும், பத்திருபது ஆண்டில் தானே சரிந்து இடம்விடும். அதை வெட்டிச் சுத்தம் செய்வது வைத்தியரை வீட்டைவிட்டுத் துரத்துவது மாதிரி.

புகையும் விதையை எழுப்பும். செடி எரியும்போது உண்டாகும் ஒரு வகை வேதிப்பொருள் விதைகளை முளைக்கச் செய்கிறது என்பதை மேற்கு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தார்கள். அதற்கு காரிகின் என்று பெயர். நூங்கார் பழங்குடி மக்களின் மொழியில் புகைக்கான சொல்லிலிருந்து வந்தது. சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலையில் (புளூ மவுண்டன்ஸ்) பல ஆண்டுக்கு ஒருமுறையே தலைகாட்டும் இளஞ்சிவப்பு ஃபிளானல் மலர், தீயும் அதன்பின் நல்ல மழையும் சேர்ந்ததால் 2021 தொடக்கத்தில் பாறை மேடெங்கும் பூத்தது. பார்க்க வந்த கூட்டத்தில் பாதிப்பேர் அதை மிதித்துவிட்டுப் போனார்கள் என்பது வேறு விஷயம். புல்மரம் தீ பட்டால் ஈட்டிபோலப் பூந்தண்டு விடும். பாங்க்சியா என்ற மரவகையில் பலவற்றின் மரக்காய்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். பள்ளத்து மரப்பெரணிகள் சில வாரத்திலேயே சுருள் விரித்துவிடும்; முதலில் நம்பிக்கை தருவது அவைதான்.

எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. 2020இலிருந்து தொடர்ந்து மூன்று லா நினா கோடைகள், அதாவது மழை கூடுதலான கோடைகள், வந்தன. முளைத்த கன்றுகளுக்குத் தண்ணீர் கிடைத்தது. தீக்குப் பின்னும் வறட்சி தொடர்ந்திருந்தால் விதைச் சேமிப்பு முழுதும் ஒரே முளைப்பில் எழுந்து காய்ந்து வீணாகியிருக்கும். உங்களுக்கு அப்படி ஒரு வறண்ட கோடை வந்தால் காடு முழுக்கத் தண்ணீர் ஊற்ற முடியாது. ஆனால் மேயவிடாமல் காக்க முடியும்.

வேலியும் வாயும்

ஆடு, மாடு, குதிரை எதுவும் குறைந்தது ஒரு முழு ஆண்டு எரிந்த பகுதிக்குள் போகக் கூடாது. புற்கள் ஒருமுறை விதை உதிர்க்க வேண்டும். வேலி முழுதும் எரிந்திருந்தால் அது ஒரு வாய்ப்பு: பழைய கோட்டிலேயே போடாமல், ஓடையைக் காட்டுப்பக்கம் விட்டு வேலியை மேலே தள்ளிப் போடுங்கள். மேல்கம்பி முள்ளில்லாமல் இருக்கட்டும். இரவில் மரம்விட்டு மரம் மிதந்துவரும் கிளைடர் என்ற விலங்குகளும் பழந்தின்னி வௌவால்களும் முள்கம்பியில்தான் சவ்வைக் கிழித்துக்கொள்கின்றன. மான், முயல், காட்டு ஆடு மூன்றும் வெளியிலிருந்து வந்த விலங்குகள். மூன்றுக்கும் இளந்தளிர் விருந்து. அரிய செடி இருக்கும் இடத்தில் சின்னச் சின்னக் கம்பிவலைக் கூண்டு போடுங்கள். எல்லா இடத்திலும் போட யாராலும் முடியாது.

களை: நல்ல இடத்திலிருந்து தொடங்குங்கள்

உங்கள் உழைப்பில் முக்கால்வாசி இங்கேதான் போக வேண்டும். இங்கேதான் எல்லாரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மோசமான புதரைப் பார்த்ததும் அதன்மேல் பாய்கிறோம். ஒரு வாரம் கையெல்லாம் கிழிய வெட்டிவிட்டு, வெறும் மண்ணைத் திறந்துவைத்துவிட்டு வருகிறோம். ஆறு மாதத்தில் அதே களை இரட்டிப்பாக நிற்கும்.

சிட்னி மோஸ்மனில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் தங்கள் வீட்டருகே இருந்த புஷ்ஷில் கையால் களையெடுத்துப் பழகி ஒரு முறையை உருவாக்கினார்கள். மூன்றே விதி. களையே இல்லாத நல்ல பகுதியிலிருந்து கெட்ட பகுதியை நோக்கி நகர். மண்ணை முடிந்தவரை கிளறாதே, பிடுங்கிய இடத்தை இலைச்சருகால் மூடு. நாட்டுச்செடி அந்த இடத்தை நிரப்பும் வேகத்துக்கு மேல் நீ போகாதே. கடைசி விதிதான் கடினம். கை சும்மா இருக்காது.

தீக்குப் பிறகு இந்த முறைக்கு ஓர் அரிய சந்தர்ப்பம் கிடைக்கிறது. ஆளுயரப் பிளாக்பெர்ரி முட்புதர் சாம்பலாகி, அடிக்குமிழிலிருந்து சின்னத் தளிராக எழும் நேரம் அது. அதுவரை நுழையவே முடியாத இடத்துக்கு நடந்தே போகலாம். தடித்த தண்டாக இருந்தால் தரையை ஒட்டி வெட்டி, வெட்டிய பத்துப் பதினைந்து விநாடிக்குள் கிளைபோசேட் களைக்கொல்லியைத் தூரிகையால் தடவ வேண்டும். தாமதித்தால் வெட்டுவாய் மூடிக்கொள்ளும், மருந்து இறங்காது. ஒருவர் வெட்ட, ஒருவர் தடவ என்று இரண்டு பேராகப் போவது நல்லது. ஓடையருகே என்றால் நீர்நிலைக்கு அனுமதித்த கலவை எது என்று கேட்டு வாங்குங்கள். கடற்கரைப் பக்கம் நிலம் இருப்பவர்களுக்கு லான்டானா காத்திருக்கும். நம் காடுகளில் உண்ணிச்செடி என்று தெரிந்த அதே ஆள்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கிளம்பி இரண்டு இடத்திலும் குடியேறிவிட்டது.

ஃபயர்வீட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் பூ, பதின்மூன்று இதழ், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உயரம். மடகாஸ்கரிலிருந்து வந்தது, மாட்டுக்கும் குதிரைக்கும் ஈரலைக் கெடுக்கும் விஷம். ஆனால் அதே இனத்தில் நாட்டுச்செடிகளும் உண்டு, தீக்குப் பிறகு அவையும் மஞ்சளாகப் பூக்கும். இடுப்புக்கு மேல் உயர்ந்து, பூவுக்கு ஒருசில இதழே கொண்ட ஒன்றை நான் மூட்டை மூட்டையாகப் பிடுங்கிப் போட்டேன். பிறகுதான் ஒருவர் வந்து, ‘இது நம்ம ஊர்ச் செடியாயிற்றே’ என்றார். சந்தேகமிருந்தால் படம் எடுங்கள், பிடுங்காதீர்கள்.

களை அதிகமாக இருந்தது தீ கடுமையாக எரிந்த இடத்தில் அல்ல. தீயைத் தடுக்க அவசரத்தில் புல்டோசர் கீறிய கோட்டில். இயந்திரத்தின் சங்கிலிச் சக்கரம் பத்து நிலத்து விதையைச் சுமந்துவரும். ஆப்பிரிக்கன் லவ்கிராஸ் எங்களிடம் வந்தது அந்த வழியில்தான். அது ஆபத்தான புல்: தீக்குப்பின் யாருக்கும் முன்பு எழும், காய்ந்தால் கடும் சூட்டோடு எரியும், எரிந்தால் இன்னும் பரவும். இன்னொரு வழி, நல்ல மனதோடு தொலைவிலிருந்து லாரியில் வந்த தீவனக் கட்டுகள். வேண்டாம் என்று சொல்ல முடியாது, மாடு பட்டினி. ஆனால் ஒரே இடத்தில் போட்டு ஊட்டியிருந்தால் பின்னால் ஒரே இடத்தில் களையெடுத்திருக்கலாம். நாங்கள் நிலமெங்கும் தூவினோம்.

நடுவது கடைசி வழி

நண்பர்கள் கேட்பார்கள்: ‘எத்தனை மரம் நட்டாய்?’ ஒன்றும் நடவில்லை என்றால் ஏமாற்றமாகப் பார்ப்பார்கள். மண்ணில் விதையும் கிழங்கும் இருக்கும் இடத்தில் நடுவதற்காகக் குழி தோண்டுவது, இருப்பதைக் கெடுத்து இல்லாததை வைப்பது. முன்பே மேய்ச்சல் நிலமாகி மரமே இல்லாதிருந்த இடம், இரண்டு வசந்தம் போயும் எதுவும் எழாத இடம், அரித்துப்போன ஓடைக்கரை ஆகிய மூன்றுக்கும் நடலாம். கன்று உங்கள் வட்டாரத்து விதையிலிருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

நோய் உங்கள் காலணியில் வரும். பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் ஈரமண்ணோடு ஒட்டிப் பயணம் செய்யும். மண்ணைச் சுரண்டிவிட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தெளித்துக்கொண்டு நுழையுங்கள். 2010இல் நியூ சவுத் வேல்ஸில் முதலில் தென்பட்ட மிர்ட்டில் ரஸ்ட் பூஞ்சை, தீக்குப்பின் எழும் இளந்தளிரைத்தான் குறிவைக்கும்; தளிர்மேல் மஞ்சள்தூள் பூசியதுபோல் தெரியும். யூகலிப்டஸ் மட்டுமல்ல, நாவலும் கொய்யாவும்கூட அது தாக்கும் அதே மிர்ட்டில் குடும்பம்தான்.

விலங்குகளுக்கு

ரொட்டி, பழம் எதுவும் வைக்காதீர்கள். ஆழமில்லாத தட்டில் தண்ணீர், சின்ன உயிர்கள் ஏறி வெளியேற உள்ளே ஒரு கல், அவ்வளவு போதும். காயப்பட்ட விலங்கைக் கண்டால் வயர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பை அழையுங்கள்.

பெரிய உதவி, பட்ட மரத்தை நிற்கவிடுவது. யூகலிப்டஸில் கிளைடரும் ஆந்தையும் குடியேறும் அளவுக்குப் பொந்து உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும். உங்களுக்குச் செத்த மரம், அவற்றுக்கு வீடு. பலகைப் பெட்டி தொங்கவிடலாம், ஆனால் கோடையில் அதனுள் சூடு தண்டுப் பொந்தைவிட அதிகம். மரத்திலேயே செயின்சாவால் பொந்து குடையும் ஆர்பரிஸ்டுகள் (மரப் பராமரிப்பு வல்லுநர்கள்) இருக்கிறார்கள். செலவு அதிகம், பலன் மேல்.

ஷீ-ஓக் மரத்தையும் கவனியுங்கள். நம் சவுக்கின் சொந்தக்காரி. அதே ஊசிக்கிளை, அதே காற்றோசை. கிளாசி கறுப்பு காக்கட்டூ என்ற கிளி ஏறக்குறைய அதன் காயை மட்டுமே தின்னும். கறுப்பு ஷீ-ஓக் கடும் தீயில் செத்து விதையால் எழும், மறுபடி காய் பிடிக்கப் பல ஆண்டு ஆகும். எரியாமல் தப்பிய ஷீ-ஓக் பத்துப் பன்னிரண்டு இருந்தால் நிலத்திலேயே விலைமதிப்பானவை அவைதான். கன்றுகளைச் சுற்றி வலை போட வேண்டிய முதல் இடமும் அதுதான்.

வீட்டைச் சுற்றி வேறு கணக்கு

மேலே சொன்ன பொறுமையெல்லாம் காட்டுக்கு. வீட்டைச் சுற்றி அதைக் காட்டாதீர்கள். மூன்றிலிருந்து ஐந்தாண்டில் வாட்டிலும் துளிரும் சேர்ந்து இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை அடர்ந்த விறகாக நிற்கும். நியூ சவுத் வேல்ஸின் 10/50 விதி பொருந்தும் பகுதியில் வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரத்தையும் 50 மீட்டருக்குள் புதரையும் அனுமதியின்றி அகற்றலாம். உங்கள் முகவரிக்குப் பொருந்துமா என்பதை ரூரல் ஃபயர் சர்வீஸ் என்ற கிராமப்புறத் தீயணைப்புத் துறையின் தளத்தில் பாருங்கள். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை பொதுவாகத் தீ அபாயக் காலம். குப்பை கொளுத்தவும் அனுமதிச்சீட்டு வேண்டும்.

காட்டை மறுபடி எப்போது எரிக்கலாம் என்ற கேள்வி வரும். புதர் அடர்ந்த ஈரமான யூகலிப்டஸ் காட்டுக்கு இரண்டு தீக்கு நடுவே 25 ஆண்டாவது வேண்டும். வறண்ட புதர்க்காட்டுக்கு 7 ஆண்டு, அதுவும் குறைந்தபட்சம். மழைக்காட்டுக்குத் தீயே கூடாது. இந்த நிலம் யூயின் பழங்குடி மக்களுடையது. அவர்கள் குளிர்காலத்தில், நடந்து பின்தொடரும் அளவு சிறிய தீயை, உச்சி கருகாமல் மூட்டத் தெரிந்தவர்கள். அது புத்தகத்தில் படித்துச் செய்யும் வேலையல்ல. ஆர்வமிருந்தால் அவர்களை அழைத்து நிலத்தைக் காட்டி, என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். ‘இன்னும் வேண்டாம்’ என்பதுதான் எங்களுக்குக் கிடைத்த பதில்.

நோட்டும் படமும்

பார்த்த செடி, பறவை எல்லாவற்றையும் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போடுங்கள். 2019-20 தீக்குப் பிறகு நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் அதில் ஒரு மீட்புத் திட்டம் தொடங்கி, மக்கள் எடுத்த படங்களிலிருந்து எது எங்கே எழுகிறது என்று தொகுத்தார்கள். பெயர் தெரியாவிட்டால் கவலை இல்லை, சொல்ல ஆளிருக்கிறது.

எங்கள் நான்காவது கம்பி முகட்டில் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் படத்தில் ஆரஞ்சுக் குறி போட்ட மரங்கள் வரிசையாக வரும். ரிப்பன் கம் மரங்கள் வருடா வருடம் பட்டையை நாடாவாக உரித்துப் போடுவதால் கறுப்பும் குறியும் சேர்ந்தே உதிர்ந்துவிட்டன. எவை குறி வாங்கியவை என்று பழைய படத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெப்பர்மின்ட் மரங்கள் பட்டையை விடாது. அவற்றில் குறி இன்னும் இருக்கிறது, சிலவற்றில் இலைக்குப் பின்னால். மீதி எழவே இல்லை. அவற்றை அப்படியே விட்டிருக்கிறோம். அடியில் ஷீ-ஓக் கன்றுகள், சுற்றிலும் முயல் வலை. போன வாரம் வலையின் ஒரு முனை கழன்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கட்டிவிட்டு வர வேண்டும்.